ஒரு ஜூலுக்கு எத்தனை பிட்? மில்லிமீட்டர் அலை ஆண்டெனாக்களின் மின்செலவைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மில்லிமீட்டர் அலையில், அதாவது 28 கிகாஹெர்ட்ஸ் போன்ற மிக உயர்ந்த அதிர்வெண்ணில், மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று தேடினால், முதலில் கைக்கு வருவது ஏதாவது ஓர் அல்காரிதமாகத்தான் இருக்கும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் உறுதியான கருத்து. மின்சாரம் எங்கே போகிறது என்ற கணக்கை முதலில் போட வேண்டும். எந்த உறுப்பை அந்தக் கணக்கில் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாக மாறிவிடும். அதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன்.

சிங்கப்பூரில் 2020-ல் 5ஜி அலைக்கற்றை ஒதுக்கப்பட்டபோது சிங்டெல்லுக்கும் ஸ்டார்ஹப்-எம்1 கூட்டுக்கும் 3.5 கிகாஹெர்ட்ஸில் தலா 100 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. மில்லிமீட்டர் அலையில் தலா 800 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. எட்டு மடங்கு அகலமான பாதை. ஆனால் அது சும்மா வரவில்லை. ஒரே கெயின் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறன்) உள்ள ஆண்டெனாக்களை வைத்துப் பார்த்தால், 100 மீட்டர் தூரத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 83 டெசிபெல் இழக்கும்; 28 கிகாஹெர்ட்ஸ் சுமார் 101 டெசிபெல் இழக்கும் (10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு). இந்த 18 டெசிபெல்லை ஈடுகட்டத்தான் பல ஆண்டெனாக்களைச் சேர்த்துப் பீம், அதாவது ஒரே திசையில் குவிந்த அலைக்கற்றை, அமைக்கிறோம். 28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10.7 மில்லிமீட்டர், அதில் பாதி 5.4. எட்டுக்கு எட்டு என்று 64 ஆண்டெனாக்களை அடுக்கினாலும் நாலரை சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். இடம் பிரச்சினையே இல்லை. அந்தச் சிறு சதுரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு சில்லும் மின்சாரம் குடிக்கிறது, அதுதான் பிரச்சினை.

முதல் படி: எங்கே வைக்கப் போகிறோம்?

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மிகப் பெரிய முடிவு சில்லுக்குள் நடப்பதில்லை, வரைபடத்தில் நடக்கிறது. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு வெளியிட்ட 38.901 அறிக்கையின் ஊடுருவல் மாதிரியைப் பாருங்கள். 28 கிகாஹெர்ட்ஸில் சாதாரணக் கண்ணாடி சுமார் 8 டெசிபெல்லை விழுங்கும். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி 31 டெசிபெல்லைத் தாண்டும். கான்கிரீட் சுவருக்கு அந்தச் சூத்திரம் தரும் விடை 117 டெசிபெல்.

இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் முழுக்கக் கான்கிரீட். ஷென்டன் வே அலுவலகக் கட்டடங்கள் முழுக்கப் பூச்சுக் கண்ணாடி, ஏனென்றால் ஏர்கான் செலவைக் குறைக்க வேண்டும். 31 டெசிபெல் என்றால் ஆயிரம் மடங்குக்கும் மேல். வெளியே கம்பத்தில் ஓர் ஆண்டெனா பேனலை வைத்து உள்ளே இருப்பவருக்குச் சேவை தர முயன்றால், எந்த அல்காரிதமும் அந்த ஆயிரம் மடங்கைத் திருப்பித் தராது. உள்ளே இருப்பவருக்கு உள்ளேயே ஒரு சின்ன செல் வையுங்கள், அல்லது அவரை 3.5 கிகாஹெர்ட்ஸிடம் விட்டுவிடுங்கள்.

மில்லிமீட்டர் அலைக்கு ஏற்ற இடங்கள் இங்கே நிறையவே இருக்கின்றன. 55,000 பேர் அமரும் தேசிய விளையாட்டரங்கம், தேசிய தின அணிவகுப்பு பலமுறை நடந்த பாடாங், துவாஸ் துறைமுகத்தின் கொள்கலன் முற்றம், சாங்கி முனையங்களின் பெரிய கூடங்கள். நான் எப்போதும் சொல்லும் இன்னொரு இடம், ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவைச் சுற்றியுள்ள தெருக்கள். வாரம் முழுக்க வேலை பார்த்த ஊழியர்கள் ஒரே நேரத்தில் ஊருக்கு வீடியோ கால் போடுகிறார்கள். திறந்த தெரு, மிக நெருக்கமான கூட்டம், சில மணி நேரம் மட்டும் உச்சத்தில் நிற்கும் தேவை. இந்தக் கடைசி விஷயம் ஏழாம் படியில் நமக்குத் தேவைப்படும். ஒரே ஒரு எச்சரிக்கை: மனித உடலே இந்த அலையை நன்றாக மறைக்கும். பேனலைத் தலைகளுக்கு மேல் உயரத்தில் வையுங்கள்.

இரண்டாம் படி: மின்கணக்கை எழுதுங்கள்

ஆற்றல் திறன் என்பது ஒரு வினாடியில் போய்ச்சேர்ந்த பிட்களைச் செலவான வாட்டால் வகுத்தால் வருவது. ஒரு ஜூலுக்கு இத்தனை பிட் என்று சொல்வோம். மேலே இருக்கும் எண்ணைக் கூட்டுவது எப்படி என்று ஆயிரம் ஆய்வுகள் சொல்லும். கீழே இருக்கும் எண்ணை எழுதுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம்.

ஒரு 64 ஆண்டெனா பேனலை எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை பயிற்சிக்காக நான் வைக்கும் மதிப்புகள். உங்கள் சில்லின் டேட்டாஷீட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டெனாக்களிலிருந்து வெளியே போகும் மொத்தச் சராசரி சக்தி 1 வாட். சிக்னலை வலுவாக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரின் சராசரித் திறன் 8 சதவீதம் என்றால், அவை மட்டுமே 12.5 வாட் இழுக்கும். ஓர் ஆர்எஃப் செயின், அதாவது டிஜிட்டல் எண்ணை அலையாக்கும் டிஏசி, மிக்ஸர், ஃபில்டர், ஆசிலேட்டரின் பங்கு எல்லாம் சேர்ந்து, 0.25 வாட். ஆண்டெனாவுக்குப் போகும் அலையைச் சற்றுத் தள்ளிப் பீமின் திசையைத் திருப்பும் ஃபேஸ் ஷிஃப்டர் ஒன்றுக்கு 20 மில்லிவாட். பேஸ்பேண்ட் கணிப்பு, அதாவது சிக்னலை டிஜிட்டலாகத் தயாரிக்கும் வேலை, முழு டிஜிட்டல் என்றால் 8 வாட், ஹைபிரிட் என்றால் 3 வாட் (இந்த இரண்டும் என்னவென்று அடுத்த படியில் சொல்கிறேன்).

பவர் சப்ளையில் வீணாகும் பங்கையும், விசிறி இருந்தால் அதையும் தனி வரியாக எழுதுங்கள். நம் வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் பேனலுக்கு வெப்பத்தை வெளியேற்றுவது சின்ன வேலை இல்லை. அப்புறம், யாருமே பேசாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரி. அதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கை நான் நம்ப மாட்டேன்.

மூன்றாம் படி: கட்டமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு. ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் தனி ஆர்எஃப் செயின் இருப்பது முழு டிஜிட்டல். நாலு செயின்கள் மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் 64 ஆண்டெனாக்களுக்கும் ஃபேஸ் ஷிஃப்டர் வழியாக இணைப்பது முழு இணைப்பு ஹைபிரிட். நாலு செயின்களுக்கும் ஆளுக்கு 16 ஆண்டெனா என்று பிரித்துக் கொடுப்பது பகுதி இணைப்பு ஹைபிரிட்.

எத்தனை செயின் போதும் என்பதற்கு ஒரு நல்ல விடை 2016-லேயே வந்துவிட்டது. ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டிய தனித்தனி டேட்டா ஓட்டங்களின், அதாவது ஸ்ட்ரீம்களின், எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு செயின்கள் இருந்தால், முழு டிஜிட்டல் செய்யும் எந்தப் பீமையும் முழு இணைப்பு ஹைபிரிட்டில் அப்படியே அமைக்கலாம் என்று ஆய்வாளர்கள் சோஹ்ராபியும் வெய் யூவும் காட்டினார்கள். இரண்டு மடங்குதான் உச்சவரம்பு. அதற்கு மேல் செயின் சேர்ப்பது வீண். நடைமுறையில் ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்குச் சமமான செயின்களிலேயே பெரும்பாலும் நல்ல பலன் கிடைத்துவிடும்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். நாலு ஸ்ட்ரீம், 400 மெகாஹெர்ட்ஸ். ஒப்பிட எளிதாக இருக்க, பவர் சப்ளை, விசிறி, சும்மா ஓடும் செலவு ஆகிய வரிகளை இங்கே சேர்க்கவில்லை; உங்கள் கணக்கில் சேருங்கள்.

முழு டிஜிட்டல்: ஆம்ப்ளிஃபயர் 12.5, செயின்கள் 16, பேஸ்பேண்ட் 8. மொத்தம் 36.5 வாட்.

முழு இணைப்பு: 12.5, செயின்கள் 1, 256 ஃபேஸ் ஷிஃப்டர்களுக்கு 5.1, பேஸ்பேண்ட் 3. மொத்தம் 21.6 வாட்.

பகுதி இணைப்பு: 12.5, 1, 64 ஃபேஸ் ஷிஃப்டர்களுக்கு 1.3, பேஸ்பேண்ட் 3. மொத்தம் 17.8 வாட்.

இதைப் பார்த்ததும் பகுதி இணைப்புதான் சிக்கனம் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பகுதி இணைப்பில் ஒரு ஸ்ட்ரீமுக்கு 16 ஆண்டெனாக்கள்தான். பீமின் கெயின் 6 டெசிபெல் குறையும். முழு இணைப்பில் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் சிக்னல்-இரைச்சல் விகிதம் 15 டெசிபெல் என்றால் வேகம் சுமார் 8 கிகாபிட். பகுதி இணைப்பில் அது 9 டெசிபெல்லாகி, வேகம் 5 கிகாபிட்டுக்கு இறங்கும். ஜூலுக்கு 0.37 கிகாபிட் எதிர் 0.28. முழு இணைப்பு தெளிவாக வெல்கிறது.

இப்போது பயனர் பேனலுக்கு அருகில் வந்துவிட்டார், விகிதம் 30 டெசிபெல். 6 டெசிபெல் இழப்பு இங்கே அவ்வளவாக உறைக்காது. 16 கிகாபிட் எதிர் 12.8. ஜூலுக்கு 0.74 எதிர் 0.72. கிட்டத்தட்டச் சமம்.

அதே இடத்தில் ஃபேஸ் ஷிஃப்டர் 20-க்குப் பதில் 40 மில்லிவாட் குடிக்கிறது என்று மட்டும் மாற்றுங்கள். முழு இணைப்பின் செலவு 26.7 வாட்டாக ஏறும், பகுதி இணைப்பு 19.1-ல் நிற்கும். 0.60 எதிர் 0.67. இப்போது பகுதி இணைப்பு வெல்கிறது.

ஒரே பேனல், ஒரே அல்காரிதம். ஒரு சிறு உறுப்பின் மதிப்பும் பயனரின் தூரமும் விடையை மாற்றிவிட்டன. அதனால் 'எது சிறந்த கட்டமைப்பு' என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் யாராவது பதில் சொன்னால், ஃபேஸ் ஷிஃப்டருக்கு என்ன மதிப்பு வைத்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் அறிக்கையிலும் அந்த மதிப்பைக் குறைந்தது மூன்று விதமாக மாற்றி வரைந்து காட்டுங்கள். செயலற்ற (பாஸிவ்) வகை ஃபேஸ் ஷிஃப்டர் நேராக மின்சாரம் இழுக்காது என்பது உண்மைதான். ஆனால் அது சிக்னலைத் தேய்க்கும், அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயர் வேண்டும். செலவு வேறு வரிக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

நான்காம் படி: பவர் ஆம்ப்ளிஃபயர்

மேலே எல்லா வரிசையிலும் மாறாமல் நின்ற எண் எது? 12.5. கவனம் போக வேண்டிய இடமும் அதுதான்.

5ஜி பயன்படுத்தும், பல கேரியர்கள் சேர்ந்த ஓஎஃப்டிஎம் அலையின் உச்சம் சராசரியைவிட 10 டெசிபெல் அளவுக்குக் குதிக்கும். அந்த உச்சம் வெட்டுப்படாமல் இருக்க ஆம்ப்ளிஃபயரை அதன் முழுத் திறனுக்கு வெகு கீழே ஓட்டுகிறோம். ஐடியல் கிளாஸ்-பி ஆம்ப்ளிஃபயரின் உச்சத் திறன் 78.5 சதவீதம், 10 டெசிபெல் கீழே இறக்கினால் அது 25 சதவீதத்துக்கு வந்துவிடும். கிளாஸ்-ஏ இன்னும் மோசம், என்ன அனுப்பினாலும் ஒரே அளவு இழுக்கும். மில்லிமீட்டர் அலையில் உச்சத் திறனே குறைவு என்பதால் நான் 8 சதவீதம் என்று வைத்தேன்.

இங்கே செய்யக்கூடியவை: முதலில் உச்சத்தைக் குறையுங்கள். வெட்டி வடிகட்டும் முறை எளிது. கைபேசி அனுப்பும் திசையான அப்லிங்கில் 5ஜி என்ஆர் தரமே ஒற்றைக் கேரியர் வடிவத்தை அனுமதிக்கிறது. கைபேசியின் பேட்டரிக்கு அது பெரிய உதவி. இரண்டாவது, டோஹெர்ட்டி ஆம்ப்ளிஃபயர். பெல் ஆய்வகத்தில் 1936-ல் பிறந்த யோசனை. சராசரி அளவில் ஒன்று, உச்சம் வரும்போது மட்டும் கைகொடுக்க இன்னொன்று. மில்லிமீட்டர் அலை சில்லுகளிலும் இப்போது இது வருகிறது.

மூன்றாவது, டிஜிட்டல் முன்திருத்தம்: ஆம்ப்ளிஃபயர் செய்யப்போகும் கோணலுக்கு எதிரான கோணலை முன்கூட்டியே சிக்னலில் சேர்ப்பது. இதில் ஹைபிரிட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரு செயின் பல ஆம்ப்ளிஃபயர்களை ஓட்டுகிறது. ஒவ்வொன்றின் கோணலும் வேறு வேறு. ஒரே திருத்தத்தால் எல்லாவற்றையும் நேராக்க முடியாது. பீம் போகும் திசையில் சேர்ந்து வரும் அலையைப் பார்த்து அதைத் திருத்துவதுதான் நடைமுறை. பக்கத் திசைகளில் கசடு கொஞ்சம் மிஞ்சும், அதை அளந்து பாருங்கள்.

திறனை 8-லிருந்து 16 சதவீதமாக்கினால் 6.25 வாட் மிச்சம். மேலே பகுதி இணைப்புக்கு மாறி மிச்சப்படுத்தியதைவிட இது அதிகம், வேகமும் குறையவில்லை.

ஐந்தாம் படி: தேவைக்கு மேல் ஆண்டெனா வேண்டாம்

பீம் போகும் திசையில் ஒரே வலிமை வேண்டுமென்றால், ஆண்டெனாக்களைக் கூட்டக் கூட்ட வெளியிட வேண்டிய மொத்தச் சக்தி அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஆண்டெனா ஒவ்வொன்றோடும் ஃபேஸ் ஷிஃப்டர்களின் செலவு ஏறும். ஒரு பக்கம் இறங்கும் கோடு, இன்னொரு பக்கம் ஏறும் கோடு. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் இடத்தை வர்க்கமூலம் சொல்லிவிடும்.

நம் முழு இணைப்பு எடுத்துக்காட்டில் 64 ஆண்டெனாவுக்கு ஆம்ப்ளிஃபயர் செலவு 12.5, பெருக்கினால் 800. ஆண்டெனா ஒன்றுக்கு நாலு ஃபேஸ் ஷிஃப்டர், 0.08 வாட். 800-ஐ 0.08-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 100. ஆம்ப்ளிஃபயர் திறனை இரட்டிப்பாக்கினால் 71 போதும். கூட்டம் குறைந்து 6 டெசிபெல் குறைவான வலிமை போதும் என்றால் 50. நேரத்துக்கு நேரம் நல்ல எண்ணிக்கை மாறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தச் சூத்திரம் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பொருத்தமான அளவில் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்ததாக எடுத்துக்கொள்கிறது, வடிவமைக்கும்போது பயன்படும். ஏற்கெனவே நிறுவிய பேனலில் சக்தியை 6 டெசிபெல் குறைக்க இரண்டு வழிகள் உள்ளன. எல்லா ஆம்ப்ளிஃபயர்களையும் தணிக்கலாம், அல்லது பாதி ஆண்டெனாக்களை முழுதாக அணைக்கலாம். எண்ணிக்கை பாதியானால் திசை வலிமை கால் பங்காகும், அதுவும் 6 டெசிபெல்தான். கிளாஸ்-ஏக்கு அருகில் ஓடும் ஆம்ப்ளிஃபயரைத் தணித்தால் மின்சாரம் ஏறக்குறைய குறையவே குறையாது. அணைத்தால் பாதி மிச்சம், அவற்றின் ஃபேஸ் ஷிஃப்டர்களும் சேர்ந்து ஓய்வெடுக்கும். அணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பீம் அகலமாகும், பக்கத்து செல்லுக்கு இடைஞ்சல் கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆறாம் படி: ஏடிசி பிட்களைக் குறையுங்கள்

பேனலுக்கு வரும் அலையை டிஜிட்டல் எண்ணாக்கும் ஏடிசியின் மின்செலவு ஒவ்வொரு பிட்டுக்கும் இரட்டிப்பாகும். வினாடிக்கு நூறு கோடி மாதிரி, ஒரு படிநிலைக்கு 100 ஃபெம்டோஜூல் என்று வைத்தால், 10 பிட் ஏடிசி 0.1 வாட். முழு டிஜிட்டல் பேனலில் செயினுக்கு இரண்டு வீதம் 128 ஏடிசி, சுமார் 13 வாட். 5 பிட்டுக்கு இறக்கினால் அதே 128-க்கும் 0.4 வாட்தான்.

இழப்பு எவ்வளவு? 5 பிட்டில் குவாண்டைசேஷன் பிழை, அதாவது அலையைப் படிநிலைகளாக மாற்றும்போது வரும் பிழை, சிக்னலின் 0.25 சதவீதம். 3 பிட்டில் 3.5 சதவீதம்; அதாவது ஒரு ஏடிசிக்கு 14.6 டெசிபெல்லுக்கு மேல் தரம் போகாது. ஒரு பிட்டில் 36 சதவீதம், ஆனாலும் சிக்னல் மிக வலுவிழந்த இடத்தில் அதன் இழப்பு வெறும் 2 டெசிபெல். 4 அல்லது 5 பிட்டில் நிறுத்துவது பெரும்பாலான இடங்களில் நியாயமான முடிவு. குறைந்த பிட் ஏடிசி, டிஏசியோடு வரும் முழு டிஜிட்டல் கட்டமைப்பு மூன்றாம் படியில் நாம் பார்த்த 36.5 வாட்டைவிட வெகுவாக இறங்கிவிடும் என்பதால், இந்தப் படியை முடித்தபின் மூன்றாம் படிக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள்.

ஏழாம் படி: தூங்க விடுங்கள்

செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்குத் தேக்காவில் வீடியோ கால் இல்லை. அப்போதும் பேனல் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எல்லாத் திசைகளிலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இந்த அறிவிப்பு எஸ்எஸ்பி எனப்படும். மில்லிமீட்டர் அலையில் 64 பீம்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் 4 குறியீடு. துணைக் கேரியர்களுக்கு இடையே 120 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்றால், ஒரு குறியீடு சுமார் 8.9 மைக்ரோவினாடி. 256 குறியீடுகள், 2.3 மில்லிவினாடி. 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை என்றால், யாரும் இல்லாத தெருவில் நேரத்தின் 11 சதவீதம் இதற்கே போகிறது. இடையிடையே உள்ள சிறு இடைவெளிகளில் ஆழ்ந்து தூங்கவும் முடியாது.

5ஜி தரம் இதை 160 மில்லிவினாடி வரை நீட்ட அனுமதிக்கிறது. அப்போது 1.4 சதவீதம். ஏன் எல்லோரும் நீட்டுவதில்லை? முதன்முறை செல்லைத் தேடும் கைபேசி 20 மில்லிவினாடி என்றுதான் எதிர்பார்க்கும். இதற்கு நல்ல தீர்வு, மில்லிமீட்டர் அலையைத் தனியாக விடாமல் 3.5 கிகாஹெர்ட்ஸின் துணை செல்லாக வைப்பது. கைபேசி முதலில் 3.5-ஐப் பிடிக்கும், பெரிய தேவை வந்தால் மட்டும் 3.5 செல் மில்லிமீட்டர் பேனலை எழுப்பும். 3ஜிபிபி தன் 18-ஆம் வெளியீட்டில் நெட்வொர்க்கின் மின்சேமிப்பைத் தனிப் பணியாகவே எடுத்துக்கொண்டது.

எழுப்பும் நேரத்தைத் தெருவின் வழக்கத்தை வைத்து முன்கூட்டியே கணிக்கலாம். விளையாட்டரங்கத்துக்கு நிகழ்ச்சி அட்டவணை இருக்கிறது, தைப்பூச ஊர்வலத்துக்குத் தேதி இருக்கிறது, ஞாயிறு மாலை வாராவாரம் வருகிறது. இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூடத் தேவையில்லை, நாள்காட்டி போதும்.

பீம் தேடுதலிலும் இதே சிக்கனம் வேண்டும். 64 பீம், கைபேசியில் 16 என்று எல்லாவற்றையும் சோதித்தால் 1,024 அளவீடுகள். அகலமான பீமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறுக்கினால், பேனல் பக்கம் 12 அளவீட்டில் முடியும். அகலப் பீமுக்கு வலு குறைவு என்பதால் ஒவ்வோர் அளவீடும் கொஞ்சம் நீளும். அதையும் கணக்கில் சேருங்கள்.

எட்டாம் படி: மழைக்கு மட்டும் மழைச் சக்தி

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் சூத்திரப்படி, மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் 28 கிகாஹெர்ட்ஸ் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 18 டெசிபெல் இழக்கும். 200 மீட்டருக்கு 3.5 டெசிபெல். இங்கே பிற்பகல் இடிமழையும் விடியலில் வரும் சுமத்ரா சூறைக்காற்றும் அப்படித்தான் கொட்டும். ஆனால் ஆண்டின் பெரும்பாலான மணி நேரங்கள் அப்படியில்லை. அந்த 3.5 டெசிபெல்லை எப்போதும் வெளியிட்டுக்கொண்டிருந்தால், வருடத்தின் பெரும்பகுதியில் தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சக்தியை வெளியிடுவோம். பயனரிடமிருந்து வரும் சிக்னல் தர அறிக்கையைப் பார்த்துத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுங்கள்.

ஒன்பதாம் படி: இப்போது அல்காரிதம்

மேலே உள்ள உண்மையான மின்கணக்கு கையில் இருந்தால் இந்தப் படி எளிது. வேகத்தை மின்சாரத்தால் வகுத்த பின்னத்தை நேரடியாக உச்சப்படுத்துவது கடினம். டிங்கெல்பாக் 1967-ல் தந்த வழி இன்றும் போதும்: ஒரு விலையை ஊகித்து, 'வேகம் கழித்தல் விலை பெருக்கல் மின்சாரம்' என்பதை உச்சப்படுத்துங்கள். கிடைத்த விடையின் வேகத்தை மின்சாரத்தால் வகுத்து, அதையே புதிய விலையாக வையுங்கள். சில சுற்றுகளிலேயே நிலைபெற்றுவிடும்.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு பயனருக்கும் குறைந்தபட்ச வேகம். அது இல்லாவிட்டால் கணிதம் அருகில் இருப்பவரை மட்டும் கவனித்துவிட்டுத் தூரத்தில் இருப்பவரைக் கைவிடும். ஜூலுக்கான பிட் அழகாக உயரும். ஊருக்குப் பேச வந்தவரின் திரை உறைந்து நிற்கும்.

பத்தாம் படி: அளங்கள்

மின் அளவியைச் சுவர்ச் செருகியில் மாட்டுங்கள், போர்டின் உள்ளே அல்ல. அப்போதுதான் பவர் சப்ளையும் விசிறியும் கணக்கில் வரும். முழுச் சுமை, பாதிச் சுமை, சுமையே இல்லாத நிலை என மூன்றிலும் அளந்து, ஒரு நாள் முழுக்க அந்த இடத்தின் உண்மையான போக்குவரத்தோடு சேர்த்துச் சராசரி எடுங்கள். நெட்வொர்க் அளவில் அளக்க, ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஈடிஎஸ்ஐயின் இஎஸ் 203 228 தரம் இருக்கிறது. அதன் வரையறைகளைப் பின்பற்றினால் உங்கள் எண்ணை மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட முடியும்.

மேலாளரிடம் பேச வெள்ளிக் கணக்கும் வேண்டும். ஒரு பேனலில் 10 வாட் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 87.6 கிலோவாட் மணி. ஆயிரம் பேனல்களுக்கு 87,600. கிலோவாட் மணிக்கு 25 காசு என்று வைத்தால் கிட்டத்தட்ட 21,900 வெள்ளி. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் ஓடும் நம் மின்கட்டமைப்பில் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு, ஆக ஏறக்குறைய 35 டன். 2026, 2027-க்கான கரிம வரி டன்னுக்கு 45 வெள்ளி. அதை மின் உற்பத்தியாளர் கட்டுகிறார், அதன் சுமை ஏற்கெனவே மின்கட்டணத்துக்குள் வந்துவிடுகிறது. எனவே இரண்டையும் கூட்டிக் காட்டாதீர்கள். மின்கட்டணத்தை வெள்ளியிலும், வாயுவை டன்னிலும் தனித்தனியாக எழுதுங்கள்.